ஆற்றுக்குள் ஒரு கிலோமீட்டர் ஃபைபர்: கேபிளை வைத்து வெப்பநிலை அளக்க வருகிறவர்களுக்கு

மணக்கடவு தாண்டி மூலத்தரா வழியாக வரும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப்புழாவில், சித்திரை மாத மதியத்தில் இறங்கி நின்றால் கணுக்கால் தண்ணீர் சுடும். பத்தடி தள்ளி நடந்தால் ஓரிடத்தில் உள்ளங்காலில் சில்லென்று ஏறும். அங்கே மணலுக்குள்ளிருந்து ஊற்று வருகிறது. ஆடு மேய்ப்பவர்களுக்கும் துணி துவைக்க வருபவர்களுக்கும் இந்த இடங்களெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இப்படி எத்தனை இடம் இருக்கிறது, நடுராத்திரியில் அங்கே என்ன ஆகிறது என்று எழுதி வைக்க வேண்டுமானால் கால் போதாது. அந்த வேலையை ஒரு ஃபைபர் கேபிள் செய்யும்.

எங்கள் பக்கத்தில் இது வெறும் ஆர்வத்துக்கான விஷயம் இல்லை. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளாவுக்கு வர வேண்டும். அங்கே கணக்குப் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே ஆறு எவ்வளவு தண்ணீரை மணலுக்குக் கொடுக்கிறது, மணல் எங்கே திருப்பித் தருகிறது என்பதும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துக் கிணறுகளுக்கு அதே அளவு முக்கியம்.

நான் கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் பல வருடம் ஓஎஃப்சி ஸ்ப்ளைசிங், அதாவது ஒளியிழைக் கேபிள்களை ஒட்டும் வேலை, செய்தவன். அந்தப் பழக்கத்தில்தான் இந்த வேலைக்கு வந்தேன். கேபிள் தெரிந்தவனுக்கு முதல் பாதி சுலபம். இரண்டாம் பாதி, அதாவது திரையில் வரும் எண் உண்மையான வெப்பநிலையாக இருக்கச் செய்வது, முழுக்க வேறு வேலை. புதிதாக வருகிறவர்கள், கேபிள் முனையில் மாட்டி அளக்கும் கருவிப் பெட்டியின் விலையைப் பார்த்து, அதுவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறார்கள். அதனால் அந்த எண்ணைச் சரிசெய்ய உதவும் ஐஸ் பெட்டியைப் பற்றி இங்கே நீளமாக எழுதியிருக்கிறேன்.

கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது

இந்த முறைக்கு டிடிஎஸ் என்று பெயர். பரவல் வெப்பநிலை அளவீடு என்று சொல்லலாம். கேபிளுக்குள் எங்கேயும் சென்சார் கிடையாது. கண்ணாடி இழையே சென்சார்.

பெட்டி ஒரு முனையில் லேசர் துடிப்பு ஒன்றை அனுப்பும். வழி நெடுகக் கண்ணாடி மூலக்கூறுகள் அந்த ஒளியில் மிக மிகச் சிறிய பங்கைத் திருப்பி அனுப்பும். திரும்பி வருவதில் பெரும்பகுதி போன நிறத்திலேயே வரும். ஒரு துளி மட்டும் நிறம் மாறி வரும். இதுதான் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த சிதறல். 1064 நானோமீட்டர் லேசரை அனுப்பினால், சுமார் 1116-இல் ஒரு பங்கும் 1016-இல் இன்னொரு பங்கும் வரும். முதலாவதற்கு ஸ்டோக்ஸ், இரண்டாவதற்கு ஆன்டி-ஸ்டோக்ஸ் என்று பெயர். கண்ணாடி சூடாக இருந்தால் ஆன்டி-ஸ்டோக்ஸ் நன்றாகக் கூடும், ஸ்டோக்ஸ் கொஞ்சம்தான் அசையும். இரண்டின் விகிதத்தை எடுத்தால் வெப்பநிலை கிடைக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு டிகிரிக்கு அந்த விகிதம் ஏறக்குறைய 0.7 சதவீதம் மாறும். அவ்வளவுதான் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் கவனமெல்லாம் இந்தச் சிறிய எண்ணுக்காகத்தான்.

எந்த இடத்திலிருந்து ஒளி திரும்பியது என்பதை நேரம் சொல்லும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளிப் போய்த் திரும்ப ஏறத்தாழ 10 நானோநொடி. ஓடிடிஆர் (ஒளியை அனுப்பி ஃபைபரில் எங்கே பழுது என்று பார்க்கும் கருவி) பிடித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல, அதே தத்துவம்தான். 10 நானோநொடி நீளமுள்ள துடிப்பை அனுப்பினால் ஒரு மீட்டருக்கு ஒரு எண் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பெட்டியின் விளம்பரத் தாளில் “சாம்பிளிங் 25 செ.மீ.” என்று இருக்கும். அது எத்தனை செ.மீ.க்கு ஒரு எண் எழுதுகிறது என்பது மட்டும்தான். பிரித்தறியும் நீளம் ஒரு மீட்டராக இருக்கலாம். அப்படியானால் 20 செ.மீ. அகலமுள்ள ஊற்று ஒன்று சுற்றுத் தண்ணீரைவிட 5 டிகிரி குளிர்ச்சியாக இருந்தாலும், திரையில் ஒரு டிகிரி பள்ளமாகத்தான் தெரியும். சின்ன ஊற்றைப் பார்க்க வேண்டுமானால் கேபிளை அந்த இடத்தில் சுற்றிப் போடுங்கள்.

கேபிள் வாங்கும்போது

பழைய டெலிகாம் வேலையில் மிஞ்சிய டிரம் ஒன்று வீட்டுப் பின்புறம் கிடக்கும், அதையே போட்டுவிடலாம் என்று தோன்றும். அது பெரும்பாலும் சிங்கிள் மோட், மையப்பகுதி மிகச் சிறியது. சில கிலோமீட்டர் தூரத்துக்கான ராமன் பெட்டிகளில் பெரும்பாலானவை 50/125 (மையம் 50, கண்ணாடியின் வெளிவிட்டம் 125 மைக்ரான்) மல்டிமோட் ஃபைபருக்காகச் செய்யப்பட்டவை. மல்டிமோடில் மையப்பகுதி பெரிது, அதிக ஒளியை உள்ளே அனுப்பலாம், திரும்புவதும் அதிகம். பல பத்து கிலோமீட்டர் தூரத்துக்குப் போனால் சிங்கிள் மோடும் பிரில்லுவான் சிதறல் என்ற வேறு முறையும் வரும். அந்த முறையில் இழுவிசையும் எண்ணை மாற்றும் என்பதால், முதல் வேலைக்கு அது வேண்டாம்.

குறைந்தது இரண்டு ஃபைபர் உள்ள கேபிளாக எடுங்கள். தூர முனையில் இரண்டையும் ஸ்ப்ளைஸ் செய்து வளையமாக்கிவிட்டால், ஒளி ஆற்றின் கீழ்முனை வரை போய் அதே கேபிள் வழியாகத் திரும்பும். ஒரே இடத்தை இரண்டு முறை அளக்கிறீர்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தப்பு இருக்கிறது என்று உடனே தெரியும். இதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு எனக்கு ஒருபோதும் உறுத்தியதில்லை.

ஆற்றுக்குள் போடுவதானால் மெல்லிய எஃகுக் கவசம் உள்ளதாக இருக்கட்டும். மாடு மிதிக்கும், நண்டு கொறிக்கும், கல் உருளும். தோலின் நிறத்தையும் பாருங்கள். கறுப்புத் தோல் வெயிலைக் குடித்துவிடும். ஓட்டமில்லாத, முழங்கால் ஆழம்கூட இல்லாத தெளிந்த தண்ணீரில், அடியில் கிடக்கும் கறுப்புக் கேபிள் தண்ணீரைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும். காற்றில் தொங்கவிடுகிற வேலைக்கு வெள்ளைத் தோல்தான் சரி.

ஆற்றில் இறக்குவது

இறங்குவதற்கு முன்னால் பஞ்சாயத்திலும் நீர்ப்பாசனத் துறையிலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். அதைவிட முக்கியம், கரையில் புழங்குகிறவர்களிடம் போய்ப் பேசுவது. முதல் நாள் நாங்கள் டிரம்மை உருட்டிக்கொண்டிருந்தபோது துணி துவைக்க வந்த ஒரு பாட்டி கேட்டார்: “ஏங்கண்ணு, இதுல கரண்டு இருக்குதா? நாங்க தண்ணியில எறங்கலாமா?”

“கரண்டு இல்லீங்கம்மா, வெறும் வெளிச்சம்தானுங்க. தாராளமா எறங்கலாம்.”

அதற்குப் பிறகு அந்தப் படித்துறையில் யாரும் கேபிளை இழுக்கவில்லை. கல் நகர்ந்து கிடந்தால் அவர்களே எடுத்து வைத்தார்கள்.

டிரம்மை ஜாக்கியில் ஏற்றி உருட்டித்தான் கேபிளை எடுக்க வேண்டும். பக்கவாட்டில் உருவினால் முறுக்கு விழும். மிச்சக் கேபிளைத் தரையில் வைக்கும்போது எட்டு வடிவில் போட்டு வையுங்கள். இழுக்கும்போது வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப் போல் 20 மடங்குக்குக் குறையக் கூடாது, கிடக்கும்போது 10 மடங்கு. பாறை விளிம்பில் மடிந்தால் அந்த இடத்தில் ஒளி கசியும், அதற்கு அப்பாலுள்ள எண்ணெல்லாம் ஒரு படி தாண்டி நிற்கும்.

கேபிள் தரையோடு, ஆனால் தண்ணீருக்குள் கிடக்க வேண்டும். ஏழெட்டு மீட்டருக்கு ஒரு கல் வைத்தால் போதும். மணலுக்குள் புதைய விடாதீர்கள், வெளியே துருத்தவும் விடாதீர்கள். காற்றுக்கு வந்துவிட்ட துண்டு வரைபடத்தில் நடுப்பகலில் 45 டிகிரி என்று கத்தும், அதைக் கண்டுபிடிப்பது சுலபம். புதைந்த துண்டு சத்தமில்லாமல் ஏமாற்றும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எத்தனையாவது மீட்டர் எந்த இடம்?

லூஸ் டியூப் கேபிளில், குழாய்க்குள் ஃபைபர் கொஞ்சம் தளர்வாக, கேபிளைவிட நீளமாகக் கிடக்கும். அதோடு பெட்டியிலிருந்து ஆறு வரையுள்ள துண்டு, ஐஸ் பெட்டிச் சுருள், ஸ்ப்ளைஸ் டிரேயில் சுற்றியது எல்லாம் கூடும். அதனால் தோலில் அச்சடித்த மீட்டர் எண்ணும் பெட்டி காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது.

ஒரு ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் இறங்குமிடத்துக்கு முன்னால் கேபிள் காய்ந்து கிடக்கும் இடங்களில், ஒரு துணியைக் கேபிளில் சுற்றி அதன்மேல் மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் இடங்களில் கேபிளை ஒன்றிரண்டு மீட்டர் தூக்கி, ஐஸ் நிரம்பிய வாளியில் இரண்டு சுற்று அமுக்கிப் பிடியுங்கள். பாலத்தின் மூன்றாவது தூணருகே நான் வாளியைப் பிடித்திருந்தேன். தோலில் 396 என்று இருந்தது. பெட்டியருகே இருந்த பையன் போனில் சொன்னான்: “அண்ணா, 441-ல பள்ளம் விழுது.” 45 மீட்டர் வித்தியாசம். ஐஸ் பெட்டிச் சுருளும் கரைத்துண்டும்தான் அது. வாளி பிடித்த ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்ணையும், ஜிபிஎஸ் குறிப்பையும், கண்ணில் படும் ஓர் அடையாளத்தையும் நோட்டில் எழுதுங்கள். நூறு மீட்டருக்கு ஒரு இடமாவது வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், கடைசியில் ஊற்று இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது.

ஐஸ் பெட்டி

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

பெட்டி அளப்பது ஒளியின் விகிதத்தை. அதை வெப்பநிலையாக மாற்றும் கணக்கில் மூன்று தெரியாத எண்கள் இருக்கின்றன. ஒன்று, கண்ணாடியையும் லேசர் நிறத்தையும் பொறுத்தது. இரண்டாவது, பெட்டியின் உள்ளுறுப்புகளைப் பொறுத்தது, பெட்டி சூடாகும்போது இதுவும் நகரும். மூன்றாவது, தூரத்தைப் பொறுத்தது: இரண்டு நிறமும் கண்ணாடியில் ஒரே அளவில் மங்குவதில்லை, அதனால் தூரம் போகப் போக விகிதம் தானாகவே சரியும். மூன்று தெரியாத எண்ணுக்கு, வெப்பநிலை தெரிந்த மூன்று இடங்கள் வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு வெவ்வேறு வெப்பநிலை இருக்க வேண்டும், ஓரிடமாவது தூர முனைப் பக்கம் இருக்க வேண்டும். நான் செய்வது: பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் தொட்டி, ஒரு சாதாரணத் தண்ணீர்த் தொட்டி, வளையமாகத் திரும்பி வரும் ஃபைபரும் அதே இரண்டு தொட்டிகள் வழியாகவே போகும். மொத்தம் நான்கு இடம் கிடைக்கிறது, ஒன்றை விடைசரிபார்க்க மிச்சம் வைக்கலாம்.

ஒவ்வொரு தொட்டியிலும் குறைந்தது 20 மீட்டர் கேபிள் சுருளாக மூழ்கியிருக்கட்டும். சுருளின் இரு ஓரத்து மீட்டர்களைக் கணக்கில் எடுக்காதீர்கள், அங்கே வெளிக்காற்றின் சூடு கலந்திருக்கும்.

ஐஸ் எங்கே வாங்குவது என்பதில்கூடக் கவனம் வேண்டும். மீன் வண்டிக்காரர்களிடம் கிடைக்கும் ஐஸில் உப்பு கலந்திருக்கலாம். உப்பு இருந்தால் உருகும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஐஸ் ஃபேக்டரியிலிருந்து நேராக வரும் கட்டியை வாங்கி, சாக்கில் போட்டு உடைத்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். தொட்டி முழுக்க ஐஸ் துண்டுகள் நிரம்பி, இடைவெளியில் மட்டும் தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீரில் நாலு துண்டு மிதந்தால் அது ஐஸ் தொட்டி ஆகாது. தண்ணீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம். அந்த 4 டிகிரித் தண்ணீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஐஸ் மேலே மிதக்கும். கேபிள் சுருள் அடியில் இருக்கும். நீங்கள் 0 என்று எழுதிவைப்பீர்கள், சுருள் 3, 4 என்று உணர்ந்துகொண்டிருக்கும்.

இதே தவறில் எங்கள் முதல் வாரம் முழுவதும் போனது. இரவில் ஐஸ் மாற்றும் ஏற்பாடு செய்யவில்லை. காலையில் பார்க்கும்போது மேலே வெள்ளையாக ஐஸ் மிதந்ததால் சரியாக இருக்கிறது என்றே நினைத்தோம். தெர்மாமீட்டரை அடிவரை விட்டபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு மீன்தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றை அடியில் வைத்து, குமிழி விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்கிறோம். ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. பல லட்ச ரூபாய்ப் பெட்டியின் எண்ணை அதுதான் நேராக்குகிறது.

ஒவ்வொரு தொட்டியிலும் தனியாக ஒரு பிடி100 (பிளாட்டினம் கம்பியின் மின்தடையை வைத்து அளக்கும்) தெர்மாமீட்டர் வைத்துப் பதிவு செய்யுங்கள். என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சரிபார்த்ததாக இருந்தால் நல்லது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐஸ் பார்க்க ஓர் ஆள் வேண்டும். சித்திரை வெயிலில் தெர்மோகோல் பெட்டி நினைப்பதைவிடச் சீக்கிரம் தோற்றுவிடும், நல்ல கூலர் பெட்டியாக வாங்குங்கள்.

பெட்டியும் கனெக்டரும்

பெட்டியைத் தகரக் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். அது சூடாகச் சூடாக மேலே சொன்ன இரண்டாவது எண் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓலைக் கொட்டகை, நிழல், காற்றோட்டம் போதும். போட்டதும் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு, அப்புறம் அளக்கத் தொடங்குங்கள். கரண்டு போய்விடும் என்று வைத்துக்கொண்டே பேட்டரி ஏற்பாடு செய்யுங்கள்.

கனெக்டரைச் சொருகும் ஒவ்வொரு முறையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சாய்வுமுனைக் கனெக்டரில் தட்டைமுனையைச் சொருகாதீர்கள், இரண்டும் கெடும். முடிந்த இடத்திலெல்லாம் கனெக்டரைத் தவிர்த்து, முனைகளை உருக்கி ஒட்டும் ஃப்யூஷன் ஸ்ப்ளைஸ் போடுங்கள். நல்ல ஸ்ப்ளைஸ் 0.05 டெசிபலுக்குள் நிற்கும். அதைவிட அதிகமானால் வெட்டிவிட்டு மறுபடியும் போடுங்கள். வெப்பநிலை அளவில் ஒரு மோசமான ஸ்ப்ளைஸ் என்பது வெறும் லாஸ் (ஒளி இழப்பு) இல்லை, அதற்கு அப்பால் உள்ள ஆறு முழுவதும் பொய்யாகக் குளிர்ந்தோ சூடாகவோ தெரியும்.

லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பெட்டி ஓடும்போது ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது. ஒளி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் உள்ள ஆளை இந்த வேலைக்குச் சேர்க்காதீர்கள்.

எவ்வளவு நேரம் சராசரி எடுப்பது? நேரத்தை நான்கு மடங்காக்கினால் இரைச்சல் பாதியாகும். ஒரு நிமிடத்துக்குப் பதில் 16 நிமிடம் வைத்தால் கால்பங்கு. ஆற்றுக்கு 10 முதல் 15 நிமிடம் தாராளமாகப் போதும், தண்ணீர் அதைவிட வேகமாக மாறுவதில்லை.

வரைபடத்தைப் படிப்பது

இரண்டு நாள் முழுக்கப் பதிவானதும், ஒவ்வொரு மீட்டருக்கும் அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் எடுத்துக் கழியுங்கள். ஒரு நேரத்து வெப்பநிலையைவிட இந்த வித்தியாசம்தான் அதிகம் பேசும். குளிர்நாடுகளில் கோடையில் ஆறும் நிலத்தடி நீரும் பத்து டிகிரி விலகி நிற்கும், பார்த்ததும் தெரியும். நம் ஊரில் நிலத்தடி நீர் 27, 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆறு விடியற்காலையில் அதே எண்ணைக் கடந்து போகும். அந்த நேரத்தில் பார்த்தால் ஊற்று மறைந்துவிடும். மதியம் ஆறு 33, 34 ஏறும்போது ஊற்றுள்ள மீட்டர் மட்டும் ஏறாமல் நிற்கும். நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், மற்ற இடம் 8 டிகிரி ஆடும்போது அது 3 டிகிரி ஆடியிருக்கும்.

இப்போது புதைந்த கேபிளுக்கு வருகிறேன். மணல் மூடிய துண்டும் இதேபோல் குறைவாகவே ஆடும். ஊற்று என்று நினைத்துவிடுவீர்கள். உச்சம் வந்த நேரத்தைப் பாருங்கள். ஊற்றுநீர் ஆற்றுநீரோடு கலக்கும் இடத்தில் ஆட்டம் குறையும், ஆனால் உச்சம் பக்கத்து மீட்டர்களோடு ஒரே நேரத்தில் வரும். மணலுக்குள் சூடு மெதுவாக இறங்குவதால் புதைந்த துண்டில் உச்சம் சில மணி நேரம் தாமதமாக வரும். ஆழமான மடுவும், மூங்கில் நிழல் விழும் திருப்பமும்கூட ஆட்டத்தைக் குறைக்கும். எனவே நோட்டை எடுத்துக்கொண்டு அந்த மீட்டருக்கு நடந்து போய், மதியம் இரண்டு மணிக்குக் கையை விட்டுப் பாருங்கள். சந்தேகமான இடத்துக்குப் போகாமல் ஊற்று என்று எழுதாதீர்கள்.

வேறு எங்கே

இதே முறை உலகெங்கும் அதிகமாக ஓடுவது மண்ணுக்குள் புதைத்த உயர் மின்னழுத்தக் கேபிள்களிலும், சுரங்கப்பாதைகளில் தீ கண்டறியவும், அணைக்கட்டுகளில் கசிவு பார்க்கவும். புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2021-இல் வந்த 320 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடத்தில், கேரளாவுக்குள் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிளாகத்தான் போகிறது. அப்படிப்பட்ட கேபிளில் எந்த மீட்டரில் மண் காய்ந்து சூடு தங்குகிறது என்று தெரிந்தால், எவ்வளவு மின்சாரம் அனுப்பலாம் என்று தைரியமாக முடிவெடுக்கலாம்.

எனக்கு ஆசையாக இருப்பது மூணாறு. தைப்பனி காலத்தில் அங்கே பள்ளத்துத் தேயிலை கருகும், மேட்டுத் தேயிலை தப்பிக்கும். குளிர்காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். சரிவின் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கேபிளைச் செடி உயரத்தில் கட்டினால், அந்தக் குளிர் எந்த வரிசை வரை ஏறுகிறது என்று மீட்டர் மீட்டராகத் தெரியும். செய்ய நினைப்பவர்கள் கேபிளை விடிவதற்கு முன் வரும் எண்ணுக்காக மட்டும் நம்புங்கள், வெயில் வந்ததும் தோல் சூடாகிவிடும்.

கேபிளை எடுப்பது

இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, ஒரு வாரம் முன்பே கேபிளை ஆற்றிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் வெள்ளம் வந்தபின் எடுக்க முடியாது. கல்லை ஒவ்வொன்றாக நகர்த்தி, நீரோட்டத்தோடு நடந்தபடி தூக்குங்கள், இழுக்காதீர்கள். கழுவி, டிரம்மில் சுற்றி, இரண்டு முனைக்கும் மூடி போட்டு, ஓடிடிஆரில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். எந்த மீட்டரில் புதிதாக லாஸ் வந்திருக்கிறதோ அங்கே தோலில் சிவப்பு டேப் சுற்றி, நோட்டிலும் தேதியோடு எழுதுங்கள். அடுத்த மாசியில் மறுபடியும் இறக்கும்போது, அந்த டேப் உள்ள இடம் ஊற்று எதன்மேலும் விழாதபடி பார்த்துப் போட வேண்டும்.